தெர்மாகோல் அருவிக்கு எத்தனை மதிப்பெண்?

பருவத் தேர்வு நெருங்கும் நாள்களில் தருமபுரி பேருந்து நிலையத்தைச் சுற்றியுள்ள ஸ்டேஷனரி கடைகளில் சார்ட் பேப்பரும் தெர்மாகோலும் வேகமாக விற்கும். பென்னாகரத்திலும் அரூரிலும் பாலக்கோட்டிலும் இதே கதைதான். சூரியக் குடும்பம், இதயத்தின் அமைப்பு, நீர்ச் சுழற்சி, தேசத் தலைவர்கள் என்று படம் அச்சடித்த தாள்கள் கடை முகப்பில் தொங்கும். வெட்டி ஒட்டுவதுதான் பாக்கி. பிரவுசிங் சென்டரில் தலைப்பைச் சொன்னால் பத்துப் பக்கம் எடுத்து, ஸ்பைரல் போட்டு, அட்டையில் மாணவர் பெயரையும் அடித்துத் தருவார்கள். மறுநாள் இவையெல்லாம் ஆசிரியர் மேசையில் செயல்திட்டங்களாக அடுக்கப்படும், மதிப்பெண்ணும் விழும். அந்த மதிப்பெண் எதற்கு என்று கேட்டால், பிள்ளையின் படைப்பாற்றலுக்கும் முயற்சிக்கும் என்று பதில் வரும். இந்தப் பதில் உண்மையா, உண்மை இல்லையென்றால் அந்த மதிப்பெண்ணை என்ன செய்வது என்பதைத்தான் இங்கே ஆராய வேண்டியிருக்கிறது.

இந்த மதிப்பெண் ஆசிரியர் கைக்கு வந்தது சின்ன விஷயமல்ல. 2012-13 கல்வியாண்டில் தமிழ்நாடு அரசு ஒன்று முதல் எட்டாம் வகுப்பு வரை முப்பருவ முறையையும், அதனுடன் தொடர் மற்றும் முழுமையான மதிப்பீட்டையும் கொண்டுவந்தது. அடுத்த ஆண்டு ஒன்பதாம் வகுப்பும் சேர்ந்தது. ஒரு பருவத்துக்கான 100 மதிப்பெண்ணில் 60 மட்டுமே பருவ இறுதித் தேர்வுக்கு. மீதி 40 வளரறி மதிப்பீடு. அதில் 20 சிறு தேர்வுகளுக்கு, இன்னொரு 20 செயல்பாடுகளுக்கும் செயல்திட்டங்களுக்கும். அதற்குச் சில ஆண்டுகள் முன்பே செயல்வழிக் கற்றல் அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்குக் கற்றல் அட்டைகளையும் கற்றல் ஏணிப்படிகளையும் கொண்டுவந்திருந்தது. மேல்வகுப்புகளுக்குப் படைப்பாற்றல் கல்வி என்ற பெயரிலேயே ஒரு முறை வந்து, பிள்ளைகளை மனவரைபடம் வரையச் சொன்னது. இவற்றின் தொடர்ச்சியாகவே 2012-ஐப் பார்க்க வேண்டும். இரண்டரை மணி நேரத்தில் மனப்பாடத்தைக் கொட்டுகிற பிள்ளைக்கு மட்டுமே மதிப்பு என்றிருந்த இடத்தில், தேடிப் பார்க்கிற பிள்ளைக்கும் கையால் செய்து பார்க்கிற பிள்ளைக்கும் ஓர் இடம் ஒதுக்கப்பட்டது. அந்த நோக்கத்தை நான் முழு மனதோடு ஆதரிக்கிறேன். அதனால்தான் அது போய்ச் சேர்ந்த இடம் இவ்வளவு வருத்தம் தருகிறது.

போய்ச் சேர்ந்த இடம் பதிவேடு. ஒவ்வொரு பாடத்துக்கும் ஒவ்வொரு பருவத்திலும் இத்தனை செயல்பாடு என்று கணக்கு வந்ததும், கட்டங்களை நிரப்புவது வேலையாகிவிட்டது. பல பள்ளிகளின் பதிவேட்டைப் புரட்டினால் அந்த 20-க்கு 18, 19, 18, 20 என்றே வரிசை ஓடும். எல்லோருக்கும் ஏறக்குறைய ஒரே மதிப்பெண் என்றால் அது எந்தப் பிள்ளையைப் பற்றியும் எதையும் சொல்வதில்லை. எழுத்துத் தேர்வில் 60-க்கு 14 வாங்கிய பிள்ளை செயல்பாட்டில் 19 வாங்கியிருந்தால், அந்த 19 எழுத்தில் வெளிப்படாத ஒரு திறமையைக் காட்டுகிறதா, ஆசிரியரின் இரக்கத்தைக் காட்டுகிறதா என்று பெற்றோருக்கும் தெரியாது, அடுத்த வகுப்பு ஆசிரியருக்கும் தெரியாது.

எங்கே வேறுபாடு காட்டப்படுகிறதோ, அங்கே நிலைமை இன்னும் மோசம். ஓர் எடுத்துக்காட்டை எடுத்துக்கொள்வோம். நீர் வளம் என்பது தலைப்பு. ஒரு மாணவன் தெர்மாகோலில் ஒகேனக்கல் அருவியைச் செய்து வருகிறான். பாறைகளுக்குப் பழுப்பு வண்ணம், விழுகிற நீருக்குப் பஞ்சு, சிறு மோட்டார் வைத்துத் தண்ணீர்கூட ஓடுகிறது, ஓரத்தில் ஒரு பரிசல். பார்க்கிறவர் கண்ணை எடுக்க முடியாது. இன்னொருத்தி ஒரு கோடு போட்ட நோட்டைக் கொண்டுவருகிறாள். அவள் தெருவில் எந்த வீடு ஆழ்துளைக் கிணற்று நீரைக் குடிக்கிறது, எந்த வீட்டுக்குக் கூட்டுக் குடிநீர்க் குழாய் வருகிறது, எத்தனை நாளுக்கு ஒருமுறை வருகிறது, அந்த வீடுகளில் யார் யாருடைய பல்லில் மஞ்சள் கறை இருக்கிறது, அவர்களுக்கு என்ன வயது என்று பென்சிலால் கட்டம் போட்டு எழுதியிருக்கிறாள். கையெழுத்து கோணல். இரண்டு இடத்தில் அடித்தல் திருத்தல். ஒரு பக்கத்தில் எண்ணெய்க் கறை.

கண்காட்சி நாளில் எது முன்வரிசைக்குப் போகும் என்று கேட்கவே வேண்டாம். ஆனால் இரண்டாவது நோட்டில் இருப்பதைச் சற்று நிதானமாகப் பாருங்கள். தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களின் நிலத்தடி நீரில் ஃபுளோரைடு மிகுதி. அதற்காகவே ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் ஜப்பானிய நிதியுதவியோடு கட்டப்பட்டு 2013-ல் நடைமுறைக்கு வந்தது. குடிநீரில் ஒரு லிட்டருக்கு 1.5 மில்லிகிராமுக்கு மேல் ஃபுளோரைடு இருக்கக் கூடாது என்பது இந்தியத் தரநிலை. நிலைப்பற்கள் முளைப்பதற்கு முன்பு, சிறு வயதில் குடித்த நீர்தான் பல்லில் கறையாக வெளிப்படுகிறது. ஆகவே திட்டம் வந்தபின் பிறந்து வளர்ந்த பிள்ளைகளுக்குக் கறை குறைந்திருக்க வேண்டும். அந்த மாணவி வயதைக் கேட்டு எழுதியதன் அருமை இங்கேதான் இருக்கிறது. அண்ணனுக்கு இருக்கும் கறை தம்பிக்கு இல்லையென்றால் ஒரு பெரிய பொதுத் திட்டம் அவள் தெருவில் பலித்திருக்கிறது. தம்பிக்கும் இருந்தால், குழாய் வந்தும் ஏன் கிணற்று நீரையே குடிக்கிறார்கள் என்ற அடுத்த கேள்வி பிறக்கிறது. கறையெல்லாம் ஃபுளோரைடுதானா, வெற்றிலை பாக்காக இருக்காதா என்று ஓர் ஆசிரியர் கேட்டால், அவள் திரும்பிப் போய்ப் பெரியவர்களைத் தனியாகப் பிரித்து எழுத வேண்டியிருக்கும். அறிவியல் நடப்பது இப்படித்தான். அருவி மாதிரியில் தவறு என்று ஒன்றுமில்லை. அதில் கேள்வியும் இல்லை, அவ்வளவுதான். அதைச் செய்து முடித்தபின் அந்த மாணவனுக்கு முன்பு தெரியாத எதுவும் புதிதாகத் தெரிந்துவிடவில்லை.

அந்த அருவியை யார் செய்தார்கள் என்ற கேள்வியும் உண்டு. மோட்டாரும் வண்ணமும் பசையும் சேர்ந்தால் சில நூறு ரூபாய் ஆகும். வெட்டி ஒட்ட ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்கப் போகும், பெரும்பாலும் அப்பாவின் ஞாயிற்றுக்கிழமை. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் தருமபுரியின் எழுத்தறிவு 68.54 விழுக்காடு, தமிழ்நாட்டு மாவட்டங்களிலேயே கடைசி இடம். அன்று எழுதப் படிக்கத் தெரியாதவர்களாக எண்ணப்பட்டவர்களில் பலர் இன்று பள்ளிப் பிள்ளைகளின் பெற்றோர், தாத்தா பாட்டி. மழை பொய்த்த ஆண்டுகளில் இங்கிருந்து பெங்களூருவின் கட்டட வேலைக்கும் திருப்பூரின் பனியன் கம்பெனிகளுக்கும் போகிற குடும்பங்கள் ஏராளம். பிள்ளைகள் பாட்டியிடம் வளர்கிறார்கள். புளி சீசனில் திண்ணையில் உட்கார்ந்து கொட்டை நீக்குகிற வேலையில் பிள்ளைகளின் கையும் சேர்கிறது. இந்த வீடுகளுக்கு அனுப்பப்படும் செயல்திட்டம் பிள்ளையைச் சோதிப்பதில்லை, வீட்டைச் சோதிக்கிறது. அரசு வேலையில் இருக்கும் தந்தையின் மகனுக்குப் படைப்பாற்றலுக்காக 20 தருகிறோம். பாட்டியிடம் வளர்கிறவளுக்கு முயற்சி போதவில்லை என்று 12 தருகிறோம். எழுத்துத் தேர்வு எத்தனையோ விதத்தில் அநியாயமானது. ஆனால் அந்த இரண்டரை மணி நேரமாவது இருவரும் ஒரே கூரையின் கீழ், ஒரே மாதிரித் தாளில், தனியாக எழுதுகிறார்கள். வீட்டுச் செயல்திட்டம் அந்தக் குறைந்தபட்ச நியாயத்தையும் எடுத்துவிடுகிறது. சமத்துவத்துக்காகக் கொண்டுவரப்பட்ட சீர்திருத்தம் சமத்துவத்துக்கு எதிராக வேலை செய்யும் இடம் இதுதான். இந்தக் குற்றச்சாட்டு மற்ற எல்லாவற்றையும்விடக் கனமானது என்று நினைக்கிறேன்.

இனி முயற்சியைத் தனியாக எடுத்துக்கொள்வோம். முயற்சிக்கு மதிப்பெண் வேண்டும் என்பவர்களின் வாதம் எளிதில் ஒதுக்கத் தக்கதல்ல, குறிப்பாக இந்த மாவட்டத்தில். எட்டாவது, ஒன்பதாவதில் படிப்பை நிறுத்திவிடும் பையன்கள் இருக்கிறார்கள். பத்தாவது முடிக்குமுன் கல்யாணப் பேச்சு எழும் பெண் பிள்ளைகள் இருக்கிறார்கள். எழுத்தில் பின்தங்கிய பிள்ளைக்கு எங்காவது ஓரிடத்தில் நல்ல மதிப்பெண் கிடைத்தால் அது நாளைக்கும் பள்ளிக்கு வரும் என்று ஆசிரியர்கள் சொல்வதில் அனுபவம் இருக்கிறது. அந்தக் கருணையை நான் மதிக்கிறேன்.

ஆனால் முயற்சியை அளப்பது எப்படி? வேலை நடந்தபோது ஆசிரியர் பக்கத்தில் இல்லை. அவர் முன்னால் இருப்பது முடிந்த பொருள் மட்டும். ஆகவே பளபளப்பு, பக்க எண்ணிக்கை, கலர் பென்சில், நேரத்துக்குக் கொடுத்தது ஆகியவற்றை வைத்து முயற்சியை ஊகிக்கிறார். விடியலில் சாமந்தி பறிக்கப் போய்விட்டு வந்து, இரவு தம்பியைத் தூங்க வைத்தபின் அரை மணி நேரம் எழுதிய பிள்ளையின் முயற்சி இந்த ஊகத்தில் பிடிபடவே பிடிபடாது. ஒரு பாடம் எளிதில் வருகிற பிள்ளை பத்து நிமிடத்தில் சரியாகச் செய்துவிட்டால் அதற்கு மதிப்பெண்ணைக் குறைப்பதா என்பதும் கேள்விதான்.

உளவியல் ஆய்வுகள் முயற்சியைப் பாராட்டச் சொல்கின்றனவே என்று கேட்கலாம். சொல்கின்றன. அமெரிக்காவில் கிளாடியா மியூல்லரும் கேரல் டுவெக்கும் 1998-ல் வெளியிட்ட ஆய்வில், ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளில் சிலரிடம் நீ புத்திசாலி என்றும் சிலரிடம் நன்றாக உழைத்தாய் என்றும் சொன்னார்கள். உழைப்புக்குப் பாராட்டுப் பெற்றவர்கள் அடுத்து இன்னும் கடினமான புதிர்களைத் தேர்ந்தெடுத்தார்கள், தோற்றபின்னும் தளரவில்லை. ஆனால் அங்கே தரப்பட்டது சொல், மதிப்பெண் அல்ல. இரண்டும் ஒன்றல்ல என்பதை ரூத் பட்லர் 1988-ல் இஸ்ரேல் பள்ளிகளில் செய்த ஆய்வு காட்டியது. ஒரு குழுவுக்கு மதிப்பெண் மட்டும், ஒன்றுக்கு எழுத்துக் குறிப்பு மட்டும், இன்னொன்றுக்கு இரண்டும் தந்தார். குறிப்பு மட்டும் பெற்றவர்கள்தான் ஆர்வத்தோடு முன்னேறினார்கள். குறிப்போடு மதிப்பெண்ணும் சேர்ந்ததும் குறிப்பின் பலன் போய்விட்டது. பிள்ளையின் கண் எண்ணில் போய் நின்றுவிடுகிறது. ஆகவே பின்தங்கிய பிள்ளையைப் பள்ளியில் நிறுத்துவதற்கு 19 என்ற எண் தேவையில்லை. எட்டாம் வகுப்பு வரை யாரையும் அதே வகுப்பில் நிறுத்திவைப்பதில்லை என்ற கொள்கையைத் தமிழ்நாடு இன்றும் விடாமல் வைத்திருப்பதால் அந்த எண் இல்லாமலேயே அது அடுத்த வகுப்புக்குப் போகும். அதற்குத் தேவை, ஆசிரியர் தன் வேலையைப் படித்தார் என்பதற்கான அடையாளம். மூன்றாவது வீட்டில் நீ கேட்ட கேள்வி நல்ல கேள்வி, அதையே மற்ற வீடுகளிலும் கேட்டுப் பார் என்று நோட்டின் ஓரத்தில் இரண்டு வரி இருந்தால், எல்லோருக்கும் கிடைத்த 19-ஐவிட அது அந்தப் பிள்ளையைத் தாங்கும். சும்மா தரப்பட்டது எது என்று பிள்ளைகளுக்குத் தெரியும்.

படைப்பாற்றல் இதைவிடச் சிக்கலானது. மதிப்பெண்ணாலேயே அது கெடுமா என்ற பழைய விவாதம் இன்னும் ஓயவில்லை. 1973-ல் மார்க் லெப்பரும் உடன் ஆய்வாளர்களும் படம் வரைவதில் ஆசையுள்ள மழலையர் சிலரிடம் வரைந்தால் பரிசு என்று முன்கூட்டியே சொல்லிப் பரிசும் கொடுத்தார்கள். சில நாள்கள் கழித்து அந்தப் பிள்ளைகள் தாமாக வரைவது குறைந்துபோனது. எதிர்பாராமல் பரிசு பெற்றவர்களுக்கு அப்படி ஆகவில்லை. எதிர்ப்பக்கம் ராபர்ட் ஐசன்பெர்கர், புதுமையாகச் சிந்திப்பதற்குத்தான் வெகுமதி என்று தெளிவாகச் சொல்லிவிட்டால் புதுமை கூடவே செய்கிறது என்று வாதிட்டார். இரண்டையும் சேர்த்துப் படித்தால் எனக்குத் தோன்றுவது இது: எதற்கு மதிப்பெண் என்று தெளிவில்லாமல் தரப்படும் மதிப்பெண்தான் பெருங்கேடு. நம் பள்ளிகளில் நடப்பதும் அதுவே. படைப்பாற்றலுக்கு 5 என்று பதிவேட்டில் ஒரு கட்டம் இருந்தால், ஜிகினாத் தாளும் அலங்கார எழுத்தும் அதை எடுத்துக்கொள்கின்றன.

ஆளுக்கு ஆள் பார்வை மாறுமே, படைப்பாற்றலை எப்படி மதிப்பிடுவது என்ற கேள்வி அடுத்தது. மாறும்தான். ஆனால் படைப்பாற்றலில் மட்டும்தான் மாறும் என்பது தவறு. அமெரிக்காவில் ஸ்டார்ச், எலியட் இருவரும் 1913-ல் ஒரே வடிவியல் விடைத்தாளைப் பல பள்ளி ஆசிரியர்களுக்கு அனுப்பினார்கள். 100-க்கு 30-க்கும் கீழே தொடங்கி 90-க்கு மேல் வரை மதிப்பெண் வந்தது. கணக்குத் தாளுக்கே அந்த நிலை. மறுபுறம் தெரேசா அமாபைல் 1982-ல் காட்டியபடி, ஒரு துறையில் பழகியவர்கள் தனித்தனியாக உட்கார்ந்து பல படைப்புகளை ஒப்பிட்டுப் பார்த்தால், எது அதிகப் படைப்பாற்றல் உடையது என்பதில் அவர்களுடைய தீர்ப்புகள் பெருமளவு ஒத்துப்போகின்றன. அதற்கு ஒன்றுக்கு மேற்பட்டவர்கள் வேண்டும். ஒருவர் போட்டதை மற்றவர் பார்க்காமல் போட வேண்டும். நம் முறையிலோ ஒரே ஆசிரியர், மாலை நான்கு மணிக்குமேல், பதிவேட்டை மூடும் அவசரத்தில் போடுகிறார்.

இங்கே இன்னொரு அச்சத்தையும் சொல்லியாக வேண்டும். ஆசிரியரின் ரசனைக்கு விடப்பட்ட மதிப்பெண் அவருடைய விருப்பு வெறுப்புக்கும் விடப்பட்டதாகும். நாங்குநேரியில் 2023-ல் ஒரு மாணவர் சக மாணவர்களால் வெட்டப்பட்டபின் அமைக்கப்பட்ட நீதிபதி கே.சந்துரு குழு, பள்ளிக்குள் சாதி எப்படி நுழைகிறது என்று ஆராய்ந்து 2024-ல் அறிக்கை கொடுத்தது. தருமபுரியில் இது தூரத்துச் செய்தியல்ல. எழுத்துத் தேர்வில் விடைத்தாளைத் திருப்பிக் கேட்டு வாதாடலாம். உன் வேலையில் படைப்பாற்றல் போதவில்லை என்றால் எதைக் காட்டி வாதாடுவது? காரணம் எழுதப்படாத அகமதிப்பீடு எளிய பிள்ளைகளுக்கு ஆபத்தானது. மத்திய இடைநிலைக் கல்வி வாரியம் 2009-10-ல் இதே தொடர் மதிப்பீட்டைக் கொண்டுவந்து, பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வை விருப்பத்துக்கு விட்டு, பிறகு 2018-ல் மறுபடி கட்டாயமாக்கியதற்குப் பின்னால் இந்த அவநம்பிக்கையும் உண்டு. நம் மேல்நிலைப் பாடத்துக்கு 10 அகமதிப்பெண் வைத்து, அதற்குள்ளேயே வருகை, உள்தேர்வு, ஒப்படைவு, இணைச் செயல்பாடு எல்லாவற்றையும் அடக்கியதும் இந்த அச்சத்தால்தான் என்று கொள்ளலாம். அச்சம் நியாயமானது. ஆனால் மருந்து மதிப்பெண்ணைச் சுருக்குவது அல்ல, காரணத்தை எழுத வைப்பது.

ஏற்கெனவே நம்மிடம் இருக்கும் இரண்டு ஏற்பாடுகளைப் பார்த்தால் வழி தெரிகிறது. ஒன்று, 1993 முதல் நடக்கும் தேசியக் குழந்தைகள் அறிவியல் மாநாடு. தமிழ்நாட்டில் அதை ஊர் ஊராகக் கொண்டுபோனது தமிழ்நாடு அறிவியல் இயக்கம். 10 முதல் 17 வயதுப் பிள்ளைகள் குழுவாகச் சேர்ந்து தம் சுற்றுப்புறத்தில் ஒரு சிக்கலை எடுத்து ஆராய்கிறார்கள், தம் மொழியிலேயே அறிக்கை தருகிறார்கள், நாள்வாரிக் குறிப்பேட்டையும் காட்டுகிறார்கள். நடுவர்கள் கேள்வி கேட்கிறார்கள். மாதிரிப் பொருளின் அழகு அங்கே முக்கியமல்ல. தகவலை எப்படித் திரட்டினாய், அதிலிருந்து எப்படி இந்த முடிவுக்கு வந்தாய் என்பதே முக்கியம். குறிப்பேடு இருப்பதால் முயற்சி ஊகமாக இல்லாமல் சான்றாகிறது. குறை என்னவென்றால், பள்ளிக்கு ஓரிரு குழுக்கள்தான் போகும். அவர்களும் பெரும்பாலும் முதல் வரிசைப் பிள்ளைகள்.

மற்றொன்று மத்திய அரசின் இன்ஸ்பயர் விருது. பள்ளி மாணவரின் யோசனையை முதலில் வாங்கி, அது தேறினால் மாதிரி செய்ய 10,000 ரூபாயை மாணவரின் வங்கிக் கணக்கில் போடுகிறார்கள். இந்த வரிசை முக்கியமானது. யோசனைக்கு மதிப்பீடு முதலில், பொருளுக்கான பணம் அடுத்து, பொருள் கடைசியில். தெர்மாகோல் வாங்க வழியில்லாத பிள்ளையும் போட்டியில் நிற்க முடிகிறது. ஆனால் யோசனை யாருடையது என்று உறுதி செய்வது கடினம்; இணையத்திலிருந்தும் ஆசிரியரிடமிருந்தும் வந்த யோசனைகள் பிள்ளையின் பெயரில் போய்விடும் வாய்ப்பு எப்போதும் உண்டு. குழந்தைகள் மாநாட்டிலிருந்து குறிப்பேட்டையும் நேர்கேள்வியையும், இன்ஸ்பயரிலிருந்து யோசனைக்கு முதலிடம் என்ற வரிசையையும் எடுத்து, இரண்டையும் கடைசி வரிசைப் பிள்ளை வரை கொண்டுபோக முடிந்தால் 2012-ல் தொடங்கியது வீண்போகாது.

என் தீர்ப்பைச் சொல்கிறேன். வீட்டிலிருந்து செய்து கொண்டுவரும் எந்தப் பொருளுக்கும் மதிப்பெண் கூடாது. பாராட்டலாம், சுவரில் மாட்டலாம், கண்காட்சியில் வைக்கலாம், எண் கூடாது. செயல்திட்டம் பள்ளி நேரத்தில், ஆசிரியர் கண்முன், பள்ளி தரும் தாளிலும் பொருள்களிலும் நடக்க வேண்டும். தகவல் திரட்ட மட்டும் பிள்ளை வெளியே போகலாம். முயற்சி என்ற பெயரில் மதிப்பெண் கூடாது. அதற்குரியது ஆசிரியரின் எழுத்துக் குறிப்பு. முயற்சியின் விளைவு வேலையில் தெரியும் ஓரிடத்துக்கு மட்டும் மதிப்பெண் உண்டு: முதல் வடிவத்தில் சுட்டிக்காட்டப்பட்ட குறையைப் பிள்ளை இரண்டாவதில் எப்படிச் சரிசெய்தது என்பதற்கு. அது தாளில் இருக்கிறது, யார் வேண்டுமானாலும் ஒப்பிட்டுப் பார்க்கலாம். படைப்பாற்றலுக்கு மதிப்பெண் கட்டாயம் வேண்டும், ஆனால் அது கேள்விக்கு. 20-ல் 5 நல்ல கேள்விக்கு, 5 திரட்டிய தகவலின் நேர்மைக்கு, 5 திருத்தத்துக்கு, 5 வகுப்பின் முன் நின்று கேள்விகளுக்குப் பதில் சொல்வதற்கு. எழுதத் தடுமாறி நன்றாகப் பேசும் பிள்ளைக்குக் கடைசி 5 ஒரு வாசல். கூச்சப்படும் பிள்ளை ஆசிரியரிடம் தனியாகச் சொல்லட்டும்.

கேள்விக்கு என்று நான் அழுத்துவதற்குக் காரணம், நல்ல கேள்வி கடையில் கிடைக்காது, இந்த மண்ணில் கிடைக்கும். பாலக்கோடு மண்டியில் ஒரு மாதம் தக்காளி விலையைக் குறித்துவந்த பிள்ளை, சாலையோரம் தக்காளி கொட்டப்படும் நாளில் நகரத்துக் கடையில் அது என்ன விலைக்கு விற்றது என்றும் கேட்டால் அதற்குப் பொருளாதாரம் தொடங்கிவிட்டது. அரூர்ப் பக்கத்துப் பிள்ளை தன் குடும்பம் வேடியப்பன் என்று கும்பிடும் கல்லைப் படம் வரைந்து, அந்த வீரன் கையில் என்ன ஆயுதம், காலடியில் மாடு இருக்கிறதா, மேலே எழுத்து இருக்கிறதா என்று குறித்தால் அது நடுகல் ஆய்வு. தருமபுரி அருங்காட்சியகத்தில் வரிசையாக நிற்கும் கற்களோடு அதை ஒப்பிட முடியும். சித்தேரி மலைப் பிள்ளை தாத்தா காலத்தில் விதைத்த சாமை எத்தனை வகை, இப்போது எத்தனை என்று கேட்கலாம். இந்தக் கேள்விகளில் மலைப் பிள்ளைக்கும் மண்டிக்காரர் பிள்ளைக்கும் டவுன் பிள்ளையைவிட வசதி அதிகம். மதிப்பெண்ணின் தராசு ஒருமுறையாவது அவர்கள் பக்கம் சாயட்டும். டவுன் பிள்ளைக்கும் தெருவும் சாக்கடையும் பேருந்தும் இருக்கின்றன, அதற்கு ஒன்றும் குறைந்துவிடாது.

இவ்வளவும் யார் செய்வது என்ற ஆசிரியர்களின் கேள்விக்கு நேர்மையாகப் பதில் சொல்ல வேண்டும். ஐந்து பாடம், மூன்று பருவம், பாடத்துக்குப் பல செயல்பாடு என்ற இன்றைய கணக்கில் இது முடியாது. இரண்டே ஆசிரியர்கள் ஐந்து வகுப்பைப் பார்க்கும் பள்ளிகளில் நினைத்துப் பார்க்கவே முடியாது. ஆகவே எண்ணிக்கையை வெட்ட வேண்டும். பருவத்துக்கு ஒரு பிள்ளைக்கு ஒரே செயல்திட்டம். எந்தப் பாடத்தில் என்பதைப் பிள்ளை தேர்ந்தெடுக்கட்டும், அதன் மதிப்பெண் எல்லாப் பாடத்துக்கும் செல்லட்டும். வாரத்துக்கு ஒரு பாடவேளை போதும். நிரப்ப வேண்டிய கட்டங்கள் பெருமளவு குறைந்துவிடும். மிச்சமாகும் நேரம் நோட்டின் ஓரத்தில் எழுதுவதற்கு. ஒரு பாடத்தில் செய்த வேலையின் மதிப்பெண் இன்னொரு பாடத்துக்கு எப்படிப் பொருந்தும் என்று அதிகாரிகள் கேட்பார்கள். இன்று எல்லாப் பாடத்திலும் நிற்கும் 18-ம் 19-ம் எந்தப் பாடத்துக்கும் பொருந்தவில்லை என்பதை அவர்கள் முன் வைக்கலாம்.

பயிற்சிக்குப் புதிய திட்டமோ நிதியோ வேண்டாம். ஆசிரியர்களுக்கான குறுவள மையக் கூட்டங்கள் ஏற்கெனவே நடக்கின்றன. அவற்றில் ஓர் அரை நாளை இதற்கு ஒதுக்கலாம். ஐந்து பிள்ளைகளின் செயல்திட்ட நோட்டுகளைப் பெயரும் ஊரும் மறைத்து நகலெடுத்து எல்லோருக்கும் தர வேண்டும். ஒவ்வோர் ஆசிரியரும் மற்றவரிடம் பேசாமல் மதிப்பெண் போட்டு, ஒவ்வொரு 5-க்கும் ஒரு வரி காரணம் எழுத வேண்டும். பிறகு எல்லா எண்களையும் கரும்பலகையில் எழுத வேண்டும். முதல் கூட்டத்தில் ஒரே நோட்டுக்கு 8-ம் வரும், 18-ம் வரும். 8 போட்டவரும் 18 போட்டவரும் எழுந்து நின்று அந்த நோட்டில் தாம் கண்டது என்ன என்று மற்றவர்களுக்குச் சொல்லட்டும். மதியச் சாப்பாட்டுக்குள் பேச்சு முடியாவிட்டால் அடுத்த மாதமும் தொடரட்டும்.